சத்தம் எடுக்காத படம்

குடம் நிற்கிறது என்றால் ஆள் நிற்கிறது என்று அர்த்தம். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடிந்ததும் குடத்தைக் கொண்டு வந்து வரிசையில் வைத்துவிட்டு, உலை வைக்கவோ பிள்ளைக்குத் தலை வாரவோ போய்விடலாம். லாரி எப்போது வந்தாலும் அந்த இடம் உங்களுடையதுதான். யாரும் அந்தக் குடத்தை நகர்த்த மாட்டார்கள். நகர்த்தினால், ஆளைப் பிடித்துத் தள்ளியதற்குச் சமம். மருந்துக் கடையிலிருந்து மாத்திரை வீட்டு மாடிக்குப் பறந்து வருகிற காலம் வந்துவிட்டது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற ஆலைகள் ஊரைச் சுற்றி வந்துவிட்டன. இந்த வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் ஆலைத் தண்ணீரும் கடைசியில் லாரியில்தானே வருகிறது.

தாரிணி குடியிருந்த அடுக்ககத்தின் மதில் ஓரமாகத்தான் கரிக்காரச் சந்துக் குடங்கள் நிற்கும். சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள் என்று வளைந்து வளைந்து சந்து முனைவரை போகும். இரண்டாவது மாடியிலிருந்து பார்த்தால் கோலம் போட்ட மாதிரி இருக்கும். தாரிணிக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது.

அவள் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழப்பம். ஊரைப் படம் எடுப்பாள், ஆனால் சத்தமே எடுக்க மாட்டாள். அந்த ஊமைப் படத்தைக் கணினி பார்த்து, அதிலிருந்து ஒரு சத்தத்தை உண்டாக்கும். மின்கம்பி மேலே ஏறினால் சுருதி ஏறும், பேருந்தின் சிவப்பு வந்தால் அடித்தொண்டையில் உறுமும், கொடியில் புடவை ஆடினால் நீளமாக இழுக்கும். இதற்கு வெளிநாட்டில் எல்லாம் மரியாதை உண்டு. வீட்டில் என்ன மரியாதை என்றால், அவளுடைய சின்ன மாமியார் ஒருமுறை கேட்டுவிட்டு, "மிக்ஸியில ஸ்பூன் மாட்டிக்கிச்சா, பாரு" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் மாமனார் சதாசிவம் அப்படி இல்லை. மகன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். மருமகளுக்கு ஒரு குறை வரக் கூடாது என்று கிழவர் பார்த்துப் பார்த்துச் செய்வார். கண்ணால் பிடிக்க முடியாத அசைவைக்கூடப் பிடிக்கிற அந்த விலை உயர்ந்த கேமராவை வாங்கித் தந்தவரே அவர்தான். அடுக்ககச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். யாருக்கு எந்தக் குழாய் ஒழுகினாலும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

குடங்களைப் படம் எடுக்கும் முன் தாரிணி சந்துக்குள் போய் அனுமதி கேட்டாள். அது அவளுடைய பழக்கம். கேட்காமல் எடுக்க மாட்டாள்.

"மூஞ்சி வாணாம்மா," என்றாள் தவமணி. சந்தின் முதல் வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "எங்கூட்டுக்காரன் பாத்தான்னா அதுக்கு ஒரு கச்சேரி வெப்பான்."

"முகம் இல்லக்கா. குரலும் இல்ல. மைக்கே வைக்கப் போறதில்ல. குடம் மட்டும்தான்."

"குடத்துல இன்னா கீது?"

"அழகா இருக்கு."

"பாத்தியா, நம்மள வுட குடம் அழகாம்," என்று சிரித்தாள் எஸ்தர்.

எஸ்தர்தான் அந்த வரிசைக்குப் பொறுப்பு. லாரி வந்தால் ஹோஸைப் பிடிப்பது அவள். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீட்டில் விருந்தாளி, யாருக்குப் பிரசவம் என்று பார்த்து அளந்து விடுவதும் அவள்தான். சம்பளம் கிடையாது. சந்து நம்பிக் கொடுத்த வேலை, அதுவே அவளுக்குப் பெருமை. கணவன் இல்லை. ஒரே மகள் பிளெஸ்ஸி, பதினொன்றாம் வகுப்பு.

"பேசறது எதுவும் வராதுல்ல?" என்று மறுபடியும் கேட்டாள் தவமணி. "வரிசையில நாங்க ஆயிரம் பேசுவோம்."

"ஒரு எழுத்துகூட வராதுக்கா. என்னை நம்புங்க."

நம்பினார்கள். கோடை முழுக்க அவள் மதிலுக்குமேல் கேமராவைப் பொருத்திக் குடங்களை எடுத்தாள்.

அந்தக் கோடையில்தான் சந்துக்குத் தண்ணீர் பற்றாமல் போக ஆரம்பித்தது. லாரி வரும், பாதி வரிசை நிரம்புவதற்குள் ஹோஸ் காற்றைக் கக்கும். ஆலையிலிருந்து முழு லாரிதான் கிளம்புகிறது என்று குடிநீர் அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள். அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? ஓட்டுநரைக் கேட்டால், "ஹோஸ் யார் கையில இருக்கோ அவங்களக் கேளுங்க" என்றான். ஹோஸ் எஸ்தர் கையில்தானே இருந்தது. டீக்கடைக்கு விற்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி பார்த்ததாகவே சொன்னாள். சந்தில் ஒரு பேச்சு கிளம்பினால் அதற்குக் கால் முளைக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள்.

ஒரு நாள் காலையில் தவமணி வரிசைக்கு வந்து, எஸ்தரின் ஊதாக் குடத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். அது மதிலில் இடித்து, உருண்டு, சாக்கடை ஓரத்தில் போய் நின்றது. எஸ்தர் போய் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்றிலிருந்து அவள் குடத்துக்கு வரிசையில் இடம் இல்லை. அம்மாவும் மகளும் பெரிய ரோட்டைத் தாண்டி, பெட்ரோல் பங்கு பின்னால் இருக்கிற குழாய்க்குப் போய் வந்தார்கள்.

தாரிணி இதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்ததே. அந்த ஊதாக் குடம் உருண்டதற்கு நல்ல கமகம் ஒன்று வரும் என்றும் அதே நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

படம் எல்லாம் எடுத்து முடித்த பிறகு நௌஷாத் வந்தான். அவளோடு கல்லூரியில் படித்தவன், கணினிக்காரன். படத்திலிருந்து சத்தம் உண்டாக்க அவன் புதிதாக ஒரு நிரல் எழுதியிருந்தான். அவள் அறையில் உட்கார்ந்து முதல் குடப் படத்தை அதில் போட்டார்கள். முதலில் ஒரு இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்குள் யாரோ முணுமுணுக்கிற மாதிரி கேட்டது. பிறகு தெளிவாக, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"அவ வெச்ச கொழம்புல உப்பு கீதா ஒறப்பு கீதா, ஒண்ணியும் தெர்ல."

தாரிணி நௌஷாத்தைப் பார்த்தாள். "இது யார் குரல்? நீ எதையாவது சேர்த்தியா?"

"நான் எதையும் சேர்க்கல. குடம் சொல்லுது."

"விளையாடாத."

"விளையாடல. பேச்சுன்னா என்ன? காத்து ஆடறது. காத்து ஆடினா பக்கத்துல இருக்கிற காலிக் குடமும் ஆடும், மெலிசான பிளாஸ்டிக் வேற. நம்ம கண்ணுக்குத் தெரியாது. உன் கேமரா கண்ணுக்குத் தெரியும். அந்த ஆட்டத்தைத் திருப்பிப் படிச்சா பேச்சு. நான் பழைய நிரலைக் கொஞ்சம் கூர்மையாக்கினேன், அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வரும்னு எனக்கே தெரியாது."

"நான் சத்தமே எடுக்கலையே."

"படம் எடுத்தியே. அதுக்குள்ளதான் சத்தம் இருக்கு."

ஒவ்வொரு நாள் படமாகக் கேட்டுக்கொண்டே போனார்கள். மருமகள் புகார், சீட்டாடுகிற புருஷன் புகார், சிரிப்பு. ஒரு நாள் காலை, பெண்கள் எல்லாரும் குடத்தை வைத்துவிட்டுப் போன பிறகு எடுத்தது. குடங்கள் மட்டும் நிற்கின்றன. அதில் இரண்டு ஆண் குரல்கள்.

"முதல்ல நம்ம தொட்டியில இறக்கிடுப்பா. மிச்சத்தைச் சந்துக்கு விடு."

"தெனமும் கேக்கறாங்க சார். இன்னான்னு சொல்றது?"

"நீ ஏன் சொல்றே? ஹோஸ் பிடிக்கிறவ அந்த எஸ்தர்தானே. அவளைக் கேட்கச் சொல்லு."

நௌஷாத்துக்கு அந்த முதல் குரல் யாருடையது என்று தெரியாது. தாரிணிக்குத் தெரியும். அடுத்த அறையில் அந்தக் குரல் யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கும் புரிந்தது. "என்ன பண்ணப் போற?"

"அவங்க குரல் வராதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இதை வெளியில போட்டா அவங்க பேசினது எல்லாம் சேர்ந்து வரும். போட முடியாது."

"எல்லாத்தையும் போட வேண்டாமே. இந்த ஒண்ணை மட்டும் எஸ்தர்கிட்டப் போய்ச் சொல்லலாமே."

"வாக்குன்னா வாக்குதான்."

"அதுதான் காரணமா?" என்றான் நௌஷாத்.

அன்று சாயங்காலம் மாமனாரிடம் கேட்டுவிடுவது என்று கூடத்துக்குப் போனாள். அவர் நாளிதழை மடித்துவிட்டு, "அம்மாடி, ரெண்டு நாளாத் தலை வலிக்குதுன்னியே. தொட்டியில நல்ல தண்ணி நிறைய இருக்கு. நல்லா தலைக்கு ஊத்திக்கோ, சரியாப் போயிடும்" என்றார். அதில் கபடமே இல்லை. மருமகளின் தலைவலி அவருக்கு நிஜமாகவே தலைவலிதான். அடுக்கக ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகிப் போனதும், நாற்பது வீட்டுக்காரர்களும் அவர் வாசலில் வந்து நின்றதும் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எப்படித் தொட்டி நிரம்பியது என்று அவளும்தான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

பேச்சு எல்லாவற்றையும் அழித்தாள். அந்த இடத்தில் பழைய மாதிரி சுருதிகளை வைத்தாள், சிவப்புக் குடத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று என்று. தான் வாக்குக் காப்பாற்றுகிறவள் என்று நினைக்க முயன்றாள். சில நேரம் நினைக்கவும் முடிந்தது. அந்த வாரக் கடைசியில் பிளெஸ்ஸி ரோட்டைக் கடக்கும்போது தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள் என்று பால்காரர் வந்து சொன்னார். தாரிணி ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எஸ்தர் காபி போட்டுக் கொடுத்தாள். பெட்ரோல் பங்கு பின்னாலிருந்து வந்த தண்ணீர் அது. குடித்துவிட்டு வந்தாள்.

கண்காட்சி துறைமுகம் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில் நடந்தது. படத்தை ஒரு துளிகூடக் குறைக்காமல், கேமராவில் எடுத்த கூர்மை அப்படியே தெரியத் திரையிட வேண்டும் என்று தாரிணி பிடிவாதமாகச் சொல்லி, அதற்கென்று புது இயந்திரம் வரவழைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். சந்துப் பெண்களை வேன் வைத்துக் கூட்டி வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தாள். எஸ்தரையும் பிளெஸ்ஸியையும்கூட. எஸ்தர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. கடைசியாக வந்த தவமணி வேறு இடம் கிடைக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்கே உட்கார்ந்தாள். மாமனார் குத்துவிளக்கு ஏற்றினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

படம் தொடங்கியது. பெரிய திரையில் குடங்கள், அவற்றுக்கேற்ற சுருதிகள். நன்றாகத்தான் இருந்தது என்று வையுங்கள். அப்போது திரைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை விரிந்து அதில் எழுத்து ஓட ஆரம்பித்தது.

காது கேளாதவர்களுக்காகப் பொது இடத்துத் திரை எல்லாவற்றிலும் எழுத்துப்பட்டை இருக்க வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. கிடங்குக்காரர்கள் அதற்கான இயந்திரத்தைப் போன வாரம்தான் மாட்டியிருந்தார்கள். அந்த இயந்திரம் காதால் கேட்டு எழுதுகிறது என்றுதான் தாரிணி நினைத்திருந்தாள். புது இயந்திரங்கள் படத்தையும் பார்த்து எழுதின. நௌஷாத் மாதிரி இன்னும் பல பேர் ஊரில் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. சத்தத்தை அழித்தாளே ஒழிய, படத்தை அழிக்கவில்லையே.

தவமணி கண்ணைச் சுருக்கினாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். வேறு வழியில்லாமல் எஸ்தரை முழங்கையால் இடித்தாள். "இன்னா எழுதிக்கீது? படி."

எஸ்தர் படித்தாள். பைபிள் வாசித்துப் பழகிய வாய், நிறுத்தி நிதானமாக. "அவ வெச்ச கொழம்புல உப்பு கீதா, ஒறப்பு கீதா, ஒண்ணியும் தெர்ல."

"அய்யய்யே, இது நான் சொன்னதுடி," என்றாள் தவமணி. பின்னால் மருமகள் உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்கச் சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி திரும்பித் தாரிணியைப் பார்த்தாள், சிரிக்காமல்.

தாரிணி இயந்திர அறைக்கு ஓடினாள். பட்டையை அணைக்க முடியாது, அணைத்தால் திரையிடலே நின்றுவிடும், சட்டம் அப்படி என்றான் அங்கிருந்தவன். "நிறுத்திடவாங்க?" என்று கேட்டான். கூடத்தில் பெரிய மனிதர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவள் ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்துக்குள் திரையில் பெண்கள் போய்விட்டார்கள், குடங்கள் மட்டும் நின்றன.

எஸ்தரின் குரல் வெளியிலிருந்து கேட்டது. "முதல்ல நம்ம தொட்டியில இறக்கிடுப்பா. மிச்சத்தைச் சந்துக்கு விடு." அவள் என்ன படிக்கிறோம் என்று தெரியாமலே, தவமணிக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். "தெனமும் கேக்கறாங்க சார். இன்னான்னு சொல்றது. நீ ஏன் சொல்றே. ஹோஸ் பிடிக்கிறவ அந்த எஸ்தர்..."

அங்கே நின்றுவிட்டாள். மிச்சத்தை மற்றவர்கள் தாங்களே படித்துக்கொண்டார்கள். திரையில் குடங்களை ஒட்டி அடுக்ககத்தின் மதிலும் வாசற்கதவும் தெளிவாகத் தெரிந்தன. யார் என்று தெரிந்துகொள்ள அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சதாசிவம் எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், நிமிர்ந்தே நடந்து வெளியே போனார். வாசற்படியில் மட்டும் ஒரு தடவை கதவைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கூடம் கைதட்டியது. ஒரு பத்திரிகைக்காரப் பெண் தாரிணியிடம் ஓடி வந்து, "சொந்த வீட்டுத் தப்பையே மேடையில போட்டுக் காட்ட எவ்வளவு துணிச்சல் வேணும்" என்றாள். தாரிணி அவளைப் பார்த்து, "நன்றி" என்றாள். வாய் தானாகச் சொன்னது என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாமனார் அறையை விட்டு வெளியே வரவில்லை. தட்டில் வைத்த இட்லி ஆறிக் கிடந்தது. தாரிணி சந்துக்குப் போனாள். எல்லாவற்றையும் எஸ்தரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனாள். வழியெல்லாம் வார்த்தையைக் கோர்த்துக்கொண்டே போனாள்.

போனால், சந்துப் பெண்கள் எல்லாரும் எஸ்தர் வாசலில் இருந்தார்கள். ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார்கள் போலிருக்கிறது. சிலர் அழுத கண்ணோடு இருந்தார்கள். எஸ்தர் தாரிணியைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்தாள்.

"மாமனார்னும் பாக்கலியே கண்ணு. எம் பேருக்காக இம்மாம் பெரிய காரியம் பண்ணிட்டியே. உக்காரு. பிளெஸ்ஸி, அக்காவுக்குச் சேர் போடு."

பிளெஸ்ஸி கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாரிணி உட்கார்ந்தாள். கோர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஒருத்தி விசிறினாள். ஒருத்தி டீ கொண்டுவந்தாள்.

தவமணி மட்டும் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதே. படம் புடிச்சது கோடையில. நேத்து ராத்திரி காட்டுனது ஆடியில. நடுவுல நீ பாக்கவே இல்லியா? அப்பவே தெரிஞ்சிருந்தா அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல. இந்தப் பொண்ணு ரோட்டுல வுழுந்திருக்காதுல்ல."

"சும்மா இருடி," என்றாள் எஸ்தர்.

"கேக்கறேன், அவ்ளோதான். பேசறது வராதுன்னு சொன்னா, வந்திச்சே. எம் மருமவ நேத்துலேர்ந்து எங்கிட்ட பேசல."

"அது மிசினு பண்ணது. இந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்ல. கை ஒடைஞ்சப்ப ஆப்பிள் வாங்கிகினு ஓடியாந்தது யாரு? நீ வந்தியா? தெரிஞ்சிருந்தா அன்னிக்கு எம் மூஞ்சியப் பாத்து காபி குடிச்சிருக்குமா?"

"எனக்கு இன்னாமோ மனசு ஒப்பல."

"ஒனக்கு எப்ப ஒப்பிச்சு. என்னைத் திருடின்னு சொன்ன வாய்தானே அது." எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் பட்டதை இன்னொருத்தி படக் கூடாது என்கிற கோபம். மகளைக் கைப்பிடித்து முன்னால் இழுத்தாள். "இங்க வா பிளெஸ்ஸி. எனக்கு ஆண்டவருக்கு அப்புறம் இவதான். கேட்டுக்கோங்க எல்லாரும். இந்தத் தாரிணிப் பொண்ணுக்கு முன்னாடியே தெரியும்ன்றது பொய். இதோ, எம் புள்ள தலை மேல கைய வெச்சு..."

பிள்ளை தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். கல்லூரியில் படித்த தாரிணிக்கும் தெரியும். எஸ்தரின் கை உயர்ந்தது. கீழே பிளெஸ்ஸி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, ஒரு கையில் வெள்ளைக் கட்டோடு, அம்மா கைக்காகக் கொஞ்சம் குனிந்து நின்றாள்.

"வைக்காதீங்கக்கா," என்றாள் தாரிணி.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்து பார்த்தாள். விசிறிக்கொண்டிருந்தவள் விசிறியை நிறுத்தினாள். தவமணிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகளின் தலைக்கு ஒரு சாண் மேலே நின்ற கையை எஸ்தர் மெல்லக் கீழே இறக்கினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"டீ ஆறுது," என்றாள். "குடிச்சிட்டுப் போ."